நம் பாட்டும் நம் குரலும்

யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் பாதிக்கப்பட்ட பெண்களிடம் எதை இழந்தீர்கள் என்று கேட்டால் வீடு, நகை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், போட்டோ என்று வரிசையாகச் சொல்வார்கள். இறந்துபோன தாயின் அல்லது பிள்ளையின் குரலை யாரும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. ஆனால் தனியே இருந்து பேசும்போது, "முகம் ஞாபகம் இருக்கு, குரல்தான் மறந்துபோச்சு" என்று கண்கலங்குகிறவர்கள் பலர்.

எங்கள் கொஸ்லந்தைப் பகுதிக்கும் இந்தத் துயரம் புதிதல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் அங்கும் யுத்தத்தில் அகப்பட்டன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. இப்படிப்பட்ட இழப்புகளில் பொருளோடு சேர்ந்து பாட்டும் போய்விடுகிறது.

இன்று அநேகமான வீடுகளில் ஒரு கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நமது பாட்டையும் குரலையும் நாமே காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒலியைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் சில அடிப்படை விடயங்களை அறிந்திருத்தல் நல்லது.

ஒலி என்பது என்ன?

தப்பின் தோலை அடித்தவுடன் விரலால் தொட்டுப் பாருங்கள். தோல் அதிர்வது தெரியும். அந்த அதிர்வு காற்றைத் தள்ளுகிறது. காற்று நமது காதுக்குள் இருக்கும் சவ்வைத் தள்ளுகிறது. இதுவே ஒலி. ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை ஹேர்ட்ஸ் என்ற அளவால் சொல்வார்கள். அதிர்வு கூடினால் சுருதி உயரும். நல்ல செவிப்புலன் உள்ளவருக்கு 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். வயதாகும்போது உயர்ந்த ஒலிகள் முதலில் கேட்காமல் போகும். சாதாரணமாகப் பேசும்போது பெண்ணின் குரல் ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸிலும் ஆணின் குரல் 120 ஹேர்ட்ஸ் அளவிலும் இருக்கும்.

ஒலியின் பலம் வேறு விடயம். அதை டெசிபல் என்று அளப்பார்கள். தொடர்ந்து பல மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டால் காது பழுதாகலாம். இயந்திரச் சத்தத்துக்குள் வேலை செய்யும் பெண்களும், 'ஹெட்போனை' உரக்க வைத்துக் கேட்கும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

பொப் பாட்டு ஏன் மனதில் ஒட்டுகிறது?

பொப் பாட்டு அளவில் சிறியது. மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பதிய முடிந்தது. அந்த வழக்கம் இன்னும் நிலைத்திருக்கிறது. அடுத்து, தாளம் நேரானது. பெரும்பாலும் நான்கு நான்காக எண்ணலாம். சரணம் மாறிக்கொண்டே போகும், பல்லவி மட்டும் திரும்பத் திரும்ப வரும். அதிலே கொக்கி போல ஒரு சிறு மெட்டு காதைப் பிடித்து இழுக்கும். சொற்கள் பேச்சு வழக்கில் இருக்கும்.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கையில் தமிழ் பொப் பாடல்கள் பிரபலமாகின. நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் 'சின்ன மாமியே' என்று பாடினார். ஏ.ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி'யால் இந்தியா வரை புகழ்பெற்றார். அவர் 2018இல் காலமானார். இப்பாடல்கள் பலவற்றில் போர்த்துக்கேயர் காலத்து வழிவந்த பைலா இசையின் சாயல் உண்டு. பைலாவை ஆறு ஆறாக எண்ண வேண்டும். கால் தானாக ஆடுவதற்கு அந்தத் துள்ளலே காரணம்.

இனி நமது கும்மியையும் தாலாட்டையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவது, கைதட்டித் தாளம் பிடிப்பது, ஒரே அடி மீண்டும் மீண்டும் வருவது, பேச்சுத் தமிழ். பொப் பாட்டின் இலட்சணங்கள் அநேகமாக எல்லாமே இங்கே இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத நமது பாட்டிமார் எத்தனையோ பாடல்களை மனதில் வைத்திருந்தது இவ்வாறுதான்.

தோட்டத்துப் பாட்டின் பயணம்

தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், மக்கள் ஏற்கனவே அறிந்திருந்த மெட்டுகளில் தொழிலாளரின் உரிமைகளை எழுதித் தோட்டக் கூட்டங்களில் பாடினார். அப்பாடல்கள் 1940இல் நூலாக வந்தன. தெரிந்த மெட்டு என்றபடியால் மக்கள் கேட்டவுடன் பாடிக்கொண்டு போனார்கள். பின்னர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைச் சேகரித்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகத் தந்தார். சொற்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் பாடியவர்களின் குரலை நூலில் கேட்க முடியாதே!

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டைப் பிள்ளைகள் பாடக் கேட்டிருப்பீர்கள். அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு அது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவாயிற்று. அவ்வாறு கப்பலேறிய குடும்பங்களின் கதையே அந்தப் பாட்டின் வேர். ஒப்பாரியும் ராப்பும் கலந்த அதைப் பல கோடி தடவை உலகம் கேட்டது. ஆனால் அதை யார் ஆக்கினார் என்பதில் 2022இல் பகிரங்கமாகவே கருத்து வேறுபாடு எழுந்தது. தங்கள் மூவருக்கும் அதனால் வருமானம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் கூறினார். புகழ்பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

லயத்து அறையில் பதிவு செய்வது எப்படி?

* தகரக் கூரையில் மழை விழும் நேரத்தைத் தவிருங்கள். மழைச் சத்தத்திலும் தியலும நீர்வீழ்ச்சியின் இரைச்சலிலும் தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி எல்லாம் கலந்திருப்பதால் அவை குரலை மூடிவிடும்.

* அறைக்குள் ஒருமுறை கைதட்டுங்கள். சத்தம் இழுபட்டால் எதிரொலி இருக்கிறது. சுவரோரம் கம்பளி, சேலைகளைத் தொங்கவிடுங்கள். துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும்.

* தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் ஒரு தலையணை மேல் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் மூச்சுக் காற்று மோதும். அழைப்பு வராதபடி விமான நிலைக்கு மாற்றுங்கள்.

* முதலில் பத்துச் செக்கன் பதிந்து கேளுங்கள். குரல் கிழிந்து கேட்டால் தொலைபேசியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கிழிந்துபோன ஒலியைப் பின்னர் சீராகத் திருத்த முடியாது.

* பாடுமுன் பாடுபவரின் பெயர், ஊர், திகதி, யாரிடம் கற்ற பாட்டு என்பதைச் சொல்லச் செய்யுங்கள்.

* ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இன்னொரு தொலைபேசியிலோ மெமரி கார்டிலோ ஒரு பிரதி இருக்கட்டும். அதை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வைத்தால் இன்னும் பாதுகாப்பு.

குரலுக்கும் உரிமை உண்டு

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுபவருக்கும் உரிமை அளித்துள்ளது. ஆகவே யாராவது வந்து உங்கள் பாட்டைப் பதிய விரும்பினால், எதற்காக, எங்கே வெளியிடப் போகிறீர்கள், என் பெயர் போடுவீர்களா, எனக்கு ஒரு பிரதி தருவீர்களா என்று கேளுங்கள். பதில் திருப்தி இல்லாவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லலாம். பொது நிறுவனத்தில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களிடமும் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

ஒப்பாரியைப் பதியும்போது விசேட கவனம் தேவை. பாடுபவர் தன் துயரத்துக்குள் போய்விடக்கூடும். அவர் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். பாடி முடித்ததும் ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்து, சிறிது நேரம் கூட இருங்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ வயதான ஒரு அம்மா இருப்பார். அவருக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்றையாவது இந்த மாதத்துக்குள் பதிந்து வையுங்கள். அவர் பாடுவதைப் பேரப்பிள்ளையும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.