பசியை ஆளும் ஊசி

உணவு உண்டதும் குடலில் சுரந்து, ‘போதும்’ என்னும் உணர்வை மூளைக்கு அறிவிக்கின்ற ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் இரண்டொரு நிமிஷங்களிலேயே சிதைந்துவிடுவதால், அதே காரியத்தை நாள்கணக்கில் நீடித்துச் செய்யும் வண்ணம் அமைக்கப்பட்டதே, 2021-இல் உடற்பருமனுக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமாக்ளூடைட் ஊசி.

வாரம் ஒருமுறை தோலுக்கடியில் இதைச் செலுத்திக்கொள்பவருக்கு இரைப்பை காலியாகும் வேகம் குறைந்து, மூளையில் பசியை ஆளும் பகுதிகளும் சாந்தமடைவதால், தட்டில் பாதி மீதமிருக்கும்போதே வயிறு நிறைந்துவிடுகிறது; அடுத்த வேளை என்ன உண்பது என்று ஓயாமல் எழும் எண்ணமும், எண்ணெய்ப் பலகாரத்தின் மீதிருந்த மோகமும் பலருக்குத் தணிகின்றன.

68 வாரம் நடந்த பெரிய ஆய்வொன்றில், இம்மருந்தைப் பெற்றோரின் எடை சராசரியாக ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தது. ஆயினும், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு அவர்களுக்குத் திரும்பிவிட்டது. கொழுப்போடு தசையும் கரையுமாதலால், உண்ணும் சிறிதளவு உணவில் பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றுக்கு முதலிடம் தருவது அவசியம். குமட்டலும் மலச்சிக்கலும் நேரக்கூடுமாதலால் வைத்தியரின் மேற்பார்வையும் இன்றியமையாதது.

பசி அடங்கியிருக்கும் காலத்தைப் பட்டினிக்குரிய அனுமதியாகக் கருதாமல், நல்ல உணவுப் பழக்கத்தைப் பயில வாய்த்த அவகாசமாகக் கொள்வதே விவேகம்.