பேத்தியின் மாலைப்பொழுது

மார்கழி பிறந்தால் நம் வீடுகளில் பொழுது நான்கு மணிக்கே விடிந்துவிடுகிறது. நீர் தெளித்துக் கோலமிடுவதும், சாணப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ சூட்டுவதும், திருப்பாவை கேட்கக் கோயிலுக்குச் செல்வதும் மனத்துக்கு இதமானவை. ஆனால் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடப்பதும் அந்த டிசம்பர் மாதத்தில்தான். வாசலில் குனிந்து கோலமிடும் பத்தாம் வகுப்புப் பேத்தி, முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தாள் என்பதை நாம் கவனிக்கிறோமா?

தமிழகத்தில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும்போது மாணவியரின் தேர்ச்சி விழுக்காடு மாணவரினும் உயர்ந்திருப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். ஆகவே, ‘பெண் குழந்தை எப்படியும் படித்துவிடும்’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். தேர்ச்சி பெறுவது வேறு. தன் ஆற்றல் முழுவதையும் தேர்வுத்தாளில் காட்டுவது வேறு. மாலையில் பள்ளி விட்டு வந்தவளுக்குப் பாத்திரம் காத்திருக்கிறது. உலர்ந்த துணி காத்திருக்கிறது. சுவாமிக்குப் பூத்தொடுக்கும் வேலையும் அவளுடையதே. பேரன் புத்தகத்துடன் அமர்ந்தால், “படிக்கிறான், தொந்தரவு செய்யாதே” என்கிறோம். பேத்தி அமர்ந்தால், “உட்கார்ந்துதானே இருக்கிறாய், கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா” என்கிறோம். கேட்பது ஒரு குவளைத் தண்ணீர்தான். ஆனால் கணக்கில் பாதி வழியில் எழுந்தவள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நாம் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரின் ஓசையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுப் பெரியவர்கள் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சகோதரி சுப்புலட்சுமி 1886-ல் பிறந்தவர். பதினோரு வயதில் மணமாகி, சிறிது காலத்திலேயே கணவரை இழந்தார். அக்கால வழக்கப்படி அவரது வாழ்வு ஒரு மூலையில் முடிந்திருக்க வேண்டும். தந்தை சுப்பிரமணிய ஐயரோ மகளுக்குத் தாமே பாடம் சொல்லித்தந்து, பின்னர் பள்ளிக்கும் அனுப்பினார். கணவரை இழந்து அதே வீட்டில் வாழ்ந்த சித்தி வாலாம்பாள் உறுதுணையாக நின்றார். ஊராரின் ஏச்சை அந்தக் குடும்பம் பொறுத்துக்கொண்டது. 1911-ல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரியாக அவர் விளங்கினார். மறு ஆண்டே இளம் விதவைப் பெண்களின் கல்விக்காகச் சாரதா இல்லம் தோன்றியது. ஸ்ரீ சாரதா தேவியின் திருப்பெயரால் அமைந்த அந்த இல்லம் எத்தனையோ சிறுமியருக்குப் பிறந்த வீடு தராத அமைதியைத் தந்தது. சுப்புலட்சுமிக்குக் கூர்த்த அறிவு இருந்தது உண்மையே. அத்தகைய அறிவு அக்காலத்தில் வேறு வீடுகளிலும் இருந்திருக்கும். தந்தையும் சித்தியும் போன்ற பெரியவர்கள்தாம் எல்லா வீட்டிலும் வாய்க்கவில்லை.

சொல்லத் தயக்கமாயினும் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாட்களில் புத்தகத்தைத் தொடலாகாது, அது சரஸ்வதி என்று விலக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பூஜை அறைக்கு உரிய நியமங்களை அவரவர் குலவழக்கப்படி கடைப்பிடிக்கட்டும். ஆனால் மாதத்துக்கு மூன்று நாள் என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு நாள். அத்தனை நாள் படிப்பை இழக்குமாறு கலைமகள் எந்தக் குழந்தையையும் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பேத்தி பத்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டு பாட்டி ஓர் ஏற்பாடு செய்தார். மாலை விளக்கேற்றியதும் ஆறரை முதல் எட்டரை வரை தொலைக்காட்சி இல்லை. அந்த நேரத்தில் பேத்தியை எவரும் எதற்கும் அழைப்பதில்லை. தாத்தா கூடத்தில் அமர்ந்து மெல்லிய குரலில் சகஸ்ரநாமம் சொல்வார். பூத்தொடுக்கும் வேலையைப் பாட்டியே ஏற்றுக்கொண்டார். பாத்திரம் துலக்குவது பேரனுக்கு வந்தது. முதல் வாரம் அவன் முணுமுணுத்தானாம். பிறகு பழகிவிட்டது.

மாசியும் பங்குனியும் பொதுத்தேர்வு மாதங்கள். பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்ட அந்தப் பாட்டி, அவ்வாண்டு பேத்தியை உடன் அழைக்காமல் தாம் மட்டும் கோயிலுக்குப் போய் வந்தார்.