பழைய மோட்டார் வண்டி பாரவண்டியாதல்

1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள போர்டு கம்பெனியார் தங்கள் ‘டி’ மாடல் வண்டியின் பின்புறத்தில் இரும்புப் பெட்டி பொருத்திச் சிறு பாரவண்டியாக விற்கத் தொடங்கினர். அதற்கு முன்னரே அந்நாட்டுக் குடியானவர் பலர் வண்டியின் பின்பகுதியைக் கழற்றி மரப்பெட்டி ஏற்றி, அதனைத் தாமே செய்துகொண்டனர். இஃது இயன்றது எங்ஙனம்? அவ்வண்டிகளில் பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள எஃகுச் சட்டமே. மேற்கூடு அதன்மேல் திருகாணிகளாற் பூட்டிய தனியுறுப்பு. ஆதலின் கூட்டின் பின்பாதியை அறுத்தெடுத்தாலும் வண்டி நிலைகுலையாது. பிற்காலத்து வண்டிகள் பலவற்றிலோ கூடே சட்டமுமாதலின், அவற்றை அவ்வாறு அறுத்தல் முதுகெலும்பை முறித்தலேயாகும்.

அறுத்த இடத்தில் இருக்கைக்குப் பின்னே புதுச் சுவரும், சக்கரங்களின்மேல் வளைந்த மறைப்பும் வேண்டும். தகட்டை ஒருபுறமாக வளைத்தல் எளிது. குடத்தின் வயிறுபோல் எப்புறமும் குவியச் செய்தல் அரிது. நடுவிடத்தை மணற்பையின்மீது வைத்து மரச்சுத்தியால் அடிக்க, தகடு அங்கே மெலிந்து விரிந்து குழியும். ஓரத்தை மடிப்புகளாகச் சுருக்கி அவற்றை அடித்தமுக்க, அங்கே தடித்துக் குறுகும். இவ்விரண்டுமே இத்தொழிலின் உயிர்நிலை. அடிபட்டு இறுகிய தகட்டைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் மீண்டும் இளகும். அதனை மறந்து மேலும் அடித்தால் வெடித்துவிடும். பின்னர் இரு உருளைகளினிடையே பலகாற் செலுத்தி மேடுபள்ளம் நீக்கி, துண்டுகளைப் பற்றவைப்பர்.

ஒன்றை மட்டும் நாம் மறத்தலாகாது. தகட்டில் நேர்ந்த பிழையைத் தட்டித் திருத்தலாம். அறுத்த பழவண்டியை முன்போலாக்குதல் மிக அரிது. ஆதலின் பின்புறம் துருவேறி அழிந்ததொரு வண்டியையே இதற்குத் தெரிந்தெடுத்தல் அறிவுடைமையாம்.