சல்லியும் விசுவாசமும்: முதலாம் உலக யுத்தத்தில் ஹிஜாஸும் நஜ்தும்

உஸ்மானிய கிலாபத்தின் வீழ்ச்சி பற்றி எங்கட ஆக்களுக்குள் பேச்சு எழுந்தால் இரண்டு வசனங்கள் கட்டாயம் வரும். "ஷரீப் ஹுஸைன் வெள்ளைக்காரன்ட சல்லிக்குக் கிலாபத்தை வித்தவர்" என்று ஒருவர் சொல்லுவார். "அப்ப இப்னு ஸுஊத் மட்டும் என்ன, அவரும் மாசா மாசம் எடுத்தவர்தானே" என்று மற்றவர் திருப்பிக் கேட்பார். அதோடு பேச்சு வரலாற்றை விட்டுவிட்டு இயக்கச் சண்டைக்குள் புகுந்துவிடும்.

இரண்டு பேரும் பணம் பெற்றார்கள் என்பது உண்மை. அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுத்தவர்கள் யார், எதை நினைத்துக் கொடுத்தார்கள், ஏன் ஒருவருக்குக் கூடவும் மற்றவருக்குக் குறையவும் கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்ற கேள்விகளை நாங்கள் கேட்பது குறைவு. இந்தக் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அறேபியா விடயத்தில் 'பிரித்தானியா' என்ற ஒரே வீடு இருக்கவில்லை. குறைந்தது இரண்டு வீடுகள் இருந்தன. பாரசீக வளைகுடாவும் அதற்குப் பின்னாலுள்ள நஜ்த் பிரதேசமும் இந்திய அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தன. அங்கே அதன் முக்கிய ஆள் பேர்சி கொக்ஸ். செங்கடல் பக்கமும் ஹிஜாஸும் கெய்ரோவின் பொறுப்பு. அங்கே ஹென்றி மக்மஹோன் உயர் ஆணையாளராக இருந்தார். 1917 தொடக்கத்தில் அந்த இடத்துக்கு ரெஜினால்ட் விங்கேட் வந்தார். இவர்களுக்கு மேலே லண்டனில் வெளிநாட்டு அலுவலகம், இந்தியா அலுவலகம், யுத்த அலுவலகம், திறைசேரி என்று நான்கு கதவுகள். ஒரு கதவு திறந்தால் மற்றது சாத்தப்படும். கெய்ரோவுக்குச் சரியாகப்பட்டது இந்தியாவுக்குப் பிழையாகப்படும்.

1914 நவம்பரில் உஸ்மானிய அரசு யுத்தத்தில் இறங்கி ஜிஹாத் அறிவித்தது. அதைக் கேட்டு அதிகமாகப் பயந்தது இந்திய அரசாங்கம்தான். அதன் ஆட்சியில் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் இருந்தார்கள். இந்தியப் படையில் முஸ்லிம் சிப்பாய்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். ஆகவே கலீபாவுக்கு எதிராக ஓர் அரபுத் தலைவரைக் கிளப்பிவிடுவது இந்தியாவில் நெருப்பு வைக்கும் வேலை என்பது அங்கிருந்த அதிகாரிகளின் எண்ணம். கெய்ரோவின் கணக்கு வேறு. மக்காவின் அமீரே எதிர்த்து நின்றால் அந்த ஜிஹாத் அறிவிப்பின் பலம் போய்விடும் என்று அவர்கள் கருதினார்கள். பணம் பற்றிய வாதங்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இப்னு ஸுஊதின் விடயத்தைப் பார்ப்போம். அவர் 1913இல் அல்-ஹஸாவைத் துருக்கியரிடமிருந்து பிடித்தவர். யுத்தம் தொடங்கியபோது இந்திய அதிகாரிகள் கெப்டன் ஷேக்ஸ்பியரை அவரிடம் அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் ஜர்ராப் என்ற இடத்தில், துருக்கியரின் நண்பரான ஹாயில் அமீர் இப்னு ரஷீதோடு நடந்த சண்டையில் ஷேக்ஸ்பியர் கொல்லப்பட்டார். அதன்பின் 1915 டிசம்பர் 26ஆம் திகதி தாரீன் தீவில் கொக்ஸும் இப்னு ஸுஊதும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். நஜ்த், ஹஸா, கதீப், ஜுபைல் பகுதிகளைப் பிரித்தானியா அவருடையதாக ஏற்றது. அந்நியர் தாக்கினால் உதவுவதாகச் சொன்னது. பதிலுக்கு அவர் வேறு அரசுகளோடு தொடர்பு வைக்கக்கூடாது, குவைத், பஹ்ரைன், கத்தார் பக்கம் கைவைக்கக்கூடாது. தன் நிலத்தினூடாகப் புனித தலங்களுக்குப் போகும் பாதைகளைத் திறந்து வைத்து யாத்திரிகரைப் பாதுகாக்கவும் வேண்டும்.

1916 நவம்பரில் குவைத்தில் நடந்த தர்பாரில் கொக்ஸ் அவருக்குப் பதக்கம் அணிவித்தார். அதையொட்டி மாதம் 5,000 பவுண், 3,000 துப்பாக்கிகள், 4 இயந்திரத் துப்பாக்கிகள் என்று தீர்மானமாகியது. பதிலுக்கு அவர் இப்னு ரஷீதுக்கு எதிராக 4,000 பேரைக் களத்தில் வைத்திருக்க வேண்டும். இந்திய அதிகாரிகள் இப்னு ஸுஊதிடம் பெரிய யுத்தம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவர் துருக்கியர் பக்கம் போகாமல் இருந்தாலே போதும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அது மலிவான விலை.

ஷரீப் ஹுஸைனின் கணக்கு வேறு. அவர் 1916 பெப்ரவரியில் மக்மஹோனுக்கு எழுதிய கடிதத்தில் 50,000 பவுண் தங்கம் கேட்கிறார். அதோடு 20,000 மூட்டை அரிசி, 15,000 மூட்டை மா, 3,000 மூட்டை பார்லி, 150 மூட்டை கோப்பி, 150 மூட்டை சீனி, 5,000 துப்பாக்கிகள். நான் இந்தப் பட்டியலை முதலில் வாசித்தபோது ஒரு மொத்தக் கடையின் கொள்வனவுத் துண்டு போல இருந்தது. பிறகுதான் அதன் பொருள் விளங்கியது. ஹிஜாஸ் தன் சாப்பாட்டைத் தானே விளைவிக்கும் நாடல்ல. தானியம் எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வரவேண்டும். வருமானம் ஹாஜிகளிடமிருந்தும் இஸ்தான்பூல் வருடாவருடம் அனுப்பிய பணத்திலிருந்தும் வந்தது. யுத்தம் வந்ததும் கடல் அடைபட்டது, ஹாஜிகள் வரவும் குறைந்தது. துருக்கியரை எதிர்த்தால் இஸ்தான்பூல் பணமும் நிற்கும். அப்போது மக்காவுக்கு யார் சோறு போடுவது?

இன்னொன்றும் உண்டு. பதவிக் கோத்திரங்களுக்குப் பணம் கொடுப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமல்ல. ஹஜ் பாதையில் கூட்டம் பத்திரமாகப் போய்வருவதற்காக உஸ்மானியரும் பல நூற்றாண்டுகளாகக் கோத்திரத் தலைவர்களுக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். பணம் கொடுக்கும் கை மாறியது. அந்தக் கை எதற்காகக் கொடுத்தது என்பதுதான் பெரிய வித்தியாசம்.

1916 ஜூனில் கிளர்ச்சி வெடித்தது. சில மாதங்களுக்குள் ஷரீபுக்கான தொகை மாதம் 125,000 பவுணாக உயர்ந்தது. யுத்தத்தின் பிற்பகுதியில் 200,000 வரை போன மாதங்களும் உண்டு. இப்னு ஸுஊதின் 5,000உடன் ஒப்பிட்டால் இது 25 மடங்கு. கடதாசிக் காசைப் பதவிகள் நம்பமாட்டார்கள் என்பதால் பெரும்பகுதி தங்கப் பவுணாக எகிப்திலிருந்து செங்கடலைக் கடந்து போனது. ஓர் ஆளுக்கு மாதம் 2 பவுண், ஒட்டகத்துக்கு 4 பவுண் என்ற கணக்கில் கொடுக்கப்பட்டதாக லோரன்ஸ் எழுதியிருக்கிறார். போராளியின் குடும்பமும் அந்தச் சல்லியில்தான் சாப்பிட்டது.

ஏன் இவ்வளவு? இதற்கு விடை 1916 இலையுதிர் காலத்தில் நடந்த ஒரு வாதத்தில் இருக்கிறது. மதீனாவிலிருந்து துருக்கியப் படை மக்காவை நோக்கி இறங்கும் என்ற பயம் எழுந்தது. வழியிலுள்ள ராபிக் துறைமுகத்துக்கு ஒரு படைப்பிரிவை அனுப்பவேண்டும் என்று விங்கேட் வற்புறுத்தினார். படைத் தலைமை அதிகாரி ரொபர்ட்சன், அனுப்ப ஆள் இல்லை என்று மறுத்தார். ஹிஜாஸ் மண்ணில் கிறிஸ்தவச் சிப்பாய்கள் இறங்கினால் இந்திய முஸ்லிம்கள் பொறுக்கமாட்டார்கள் என்று இந்திய அரசாங்கம் எதிர்த்தது. ஷரீபும் ஒருநாள் வேண்டும் என்றார், ஒருநாள் வேண்டாம் என்றார். கடைசியில் படை போகவில்லை. கடற்படைக் கப்பல்களும் துப்பாக்கிகளும் சில அதிகாரிகளும் தங்கமும் போயின. ஆக, அந்த 125,000 பவுண் விசுவாசத்தின் விலை மட்டுமல்ல. அனுப்ப முடியாத ஒரு படைக்குப் பதிலாகக் கொடுத்த கூலியும் அதற்குள் இருந்தது.

இந்த இரண்டு கொடுப்பனவுகளும் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க முடியாது. தனக்கு இவ்வளவு குறைவு, ஷரீபுக்கு அவ்வளவு அதிகம் என்று இப்னு ஸுஊத் முறைப்பட்டார். 1917 கடைசியில் ரியாதுக்குப் போன பில்பி, ஹாயிலைப் பிடிப்பதற்கு அவருக்குக் கூடுதல் பணமும் ஆயுதமும் கொடுக்கவேண்டும் என்று வாதாடினார். கெய்ரோ விரும்பவில்லை. கொடுக்கிற துப்பாக்கி நாளை ஷரீபின் பக்கம் திரும்பும் என்றார்கள். 1917 டிசம்பரில் பைத்துல் முகத்தஸ் பிரித்தானியர் கையில் விழுந்த பிறகு ஹாயிலின் தேவையும் குறைந்துவிட்டது.

யுத்தம் முடிந்ததும் கெய்ரோ பயந்தது நடந்தது. குர்மா என்ற எல்லை ஊரின் அமீர் இப்னு ஸுஊதின் பக்கம் சாய்ந்திருந்தார். ஊர் யாருக்கு என்று தகராறு. 1919இல் கேர்சன் பிரபு தலைமையில் லண்டனில் கூடிய அதிகாரிகள் ஹுஸைனின் பக்கம் நின்றார்கள். இப்னு ஸுஊத்தான் வெல்லுவார் என்பது பில்பியின் கருத்து. மே மாதம் 25ஆம் திகதி இரவு, துரபாவில் தங்கியிருந்த ஹுஸைனின் மகன் அப்துல்லாஹ்வின் படையை நஜ்தின் இக்வான்கள் தாக்கி அழித்தார்கள். அப்துல்லாஹ் தப்பி ஓடினார். செத்தவரின் தலைவரும் கொன்றவரின் தலைவரும் ஒரே அரசின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கலிமாச் சொன்ன ஆட்கள்.

அதற்குப் பிறகு லண்டன் என்ன செய்தது? ஹிஜாஸை விட்டு விலகாவிட்டால் பணம் நிற்கும் என்று இப்னு ஸுஊதை எச்சரித்தது. அவர் நஜ்துக்குத் திரும்பினார். யுத்த காலத்தில் தூண்டிலாக இருந்த பணம் சமாதான காலத்தில் கடிவாளமாகியது.

ஹுஸைனின் தொகை 1919இல் படிப்படியாகக் குறைந்து 1920இல் நின்றது. 1921இல் சேர்ச்சில் கூட்டிய கெய்ரோ மாநாட்டில் இருவருக்கும் சமமாக ஆண்டுக்கு 100,000 பவுண் கொடுக்கும் யோசனை வந்தது. அதே வருடம் லோரன்ஸ் ஓர் உடன்படிக்கையோடு ஜித்தாவுக்குப் போனார். பலஸ்தீனத்திலும் ஷாமிலும் செய்யப்பட்ட ஏற்பாடுகளை ஒப்புக்கொண்டால் பணம் மீண்டும் வரும். ஹுஸைன் கையொப்பமிடவில்லை. 'சல்லிக்கு வித்தவர்' என்று நாங்கள் சொல்லும் அதே மனிதர், கஜானா காலியாக இருந்த காலத்தில் அந்தச் சல்லியை மறுத்தார். இதையும் அவருடைய கணக்கில் எழுதத்தான் வேண்டும். அந்த வருடங்களில் ஹாஜிகளிடம் அறவிட்ட வரிகளைப் பற்றி இந்தியாவரை முறைப்பாடுகள் எழுந்தன என்பதையும் அதே கணக்கில்தான் எழுதவேண்டும். ஜித்தாவில் இறங்கிய ஏழை ஹாஜிக்கு ஹுஸைனின் கொள்கைப் பிடிப்பால் பசி தீரவில்லை.

1924 மார்ச் மாதம் முக்கியமானது. 3ஆம் திகதி துருக்கி கிலாபத்தை ஒழித்தது. சில நாட்களில் ஹுஸைன் தன்னைக் கலீபாவாக அறிவித்தார். அதே மாதக் கடைசியில் இப்னு ஸுஊதுக்கான கொடுப்பனவு நின்றது. கடிவாளம் கழன்றது. செப்டெம்பரில் தாயிப் விழுந்தது. அங்கே பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். ஹுஸைன் உதவி கேட்டார். இது சமயப் பிணக்கு, நாங்கள் நடுநிலை என்று பிரித்தானியா ஒதுங்கிக்கொண்டது. ஒக்டோபர் 3ஆம் திகதி அவர் பதவி துறந்தார். 1925 டிசம்பரில் ஜித்தாவும் இப்னு ஸுஊதின் கைக்கு வந்தது. 1927 மே மாத ஜித்தா உடன்படிக்கையில் அவருடைய பூரண சுதந்திரத்தைப் பிரித்தானியா ஏற்றுக்கொண்டது. தாரீன் உடன்படிக்கை காலாவதியானது.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். பணம் வாங்கினார்கள் என்பதை வைத்து மட்டும் ஒருவரைத் துரோகியென்றும் மற்றவரைத் தூயவரென்றும் பிரிக்க முடியாது. இருவரும் வாங்கினார்கள், இருவருக்கும் சொந்தத் திட்டங்கள் இருந்தன. கொடுத்தவர்களும் எல்லாம் அறிந்த சூத்திரதாரிகளல்ல. ஒரு அலுவலகம் கட்டியதை இன்னொரு அலுவலகம் அவிழ்த்தது. ஆனால் தங்களுக்குள் எவ்வளவு பிணங்கினாலும் ஒரு கேள்வியை அவர்கள் எல்லாருமே ஒரே மாதிரித்தான் கேட்டார்கள்: 'இதனால் எங்களுக்கு என்ன பயன், எவ்வளவு காலத்துக்கு?' தேவை முடிந்த அன்று ஹுஸைனுக்கும் கதவு அடைபட்டது.

இந்த அதிகாரிகளின் கடிதங்களும் தந்திகளும் லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களாக இருக்கின்றன. வளைகுடா பற்றியவற்றில் பெரும்பகுதியைக் கத்தார் டிஜிட்டல் நூலகத்தில் வீட்டிலிருந்தே இலவசமாக வாசிக்கலாம். அறபும் ஆங்கிலமும் தெரிந்த இளம் பிள்ளைகள் எங்கட ஊர்களில் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹிஜாஸின் இந்தக் காலத்தை மூலத்திலிருந்து படித்துத் தமிழில் எழுத அவர்களில் நாலு பேர் முன்வந்தால், மேலே சொன்ன அந்த இரண்டு வசனங்களைத் தாண்டி எங்கட பேச்சு நகரும்.