காருக்குள் இரைச்சலா? கம்ப்யூட்டரில் பார்க்கலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், பாட்டு கேட்பது, படம் பார்ப்பது தவிர இதில் வேறு என்ன செய்யலாம் என்று கேட்பதுண்டு. எனக்கு அது ஒரு வீண் செலவைத் தவிர்த்துக் கொடுத்தது. அது எப்படி என்று இங்கு பார்ப்போம்.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு நோக்கிச் செல்லும்போது, எங்கள் பழைய காரின் பின் சீட்டில் இருக்கும் அம்மா பேசுவது எனக்குக் கேட்காது. அவ்வளவு இரைச்சல். ஒரு கடையில் காட்டியபோது, நான்கு கதவுகளிலும் தரையிலும் டாம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும் என்றார்கள். செலவு அதிகம். பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன்.

என்ன தேவை?

ஒரு கம்ப்யூட்டர், ஒலிப்பதிவு செய்யும் மொபைல் போன், ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர். இது 2000ஆம் ஆண்டில் வெளியானது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானென்பர்க் ஆகியோர் இதனைத் தொடங்கினர். ஆடாசிட்டி டீம் டாட் ஓ.ஆர்.ஜி. என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். பிற தளங்களில் தேவையற்ற புரோகிராம்கள் சேர்ந்து வரக்கூடும்.

பதிவு செய்யும் முறை

கார் ஓட்டுபவர் போனைத் தொடக்கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்துங்கள். போக்குவரத்து குறைவான அதிகாலையில், ஒரே சாலையில், மூன்று முறை 30 விநாடிகள் பதிவு செய்யுங்கள். முதல் பதிவு 40 கி.மீ. வேகத்தில். இரண்டாவது 60 கி.மீ. வேகத்தில். மூன்றாவது அதே 60 கி.மீ. வேகத்தில், ஒரு கியர் குறைத்து. போன் மூன்று முறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ரெக்கார்டரின் செட்டிங்ஸில் வேவ் வகையைத் தேர்ந்தெடுத்தால் பைல் ஆடாசிட்டியில் நேராகத் திறக்கும்.

யு.எஸ்.பி. கேபிள் மூலம் பைல்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு போல்டரில் வேகத்தையும் தேதியையும் பெயராக இட்டுச் சேமியுங்கள்.

படமாகப் பார்ப்போம்

ஆடாசிட்டியில் பைல் மெனு சென்று பதிவைத் திறக்கவும். அலைபோன்ற படத்தில் மவுஸை இழுத்து, ஹாரன் சத்தம் இல்லாத 20 விநாடிகளைத் தேர்ந்தெடுக்கவும். பின் அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யவும். கிடைக்கும் விண்டோவில் சைஸ் என்ற இடத்தில் 8192 எனக் கொடுக்கவும்.

இப்போது மலைத்தொடர் போல ஒரு படம் தெரியும். இடமிருந்து வலமாக ஹெர்ட்ஸ், அதாவது ஒரு விநாடியில் ஏற்படும் அதிர்வுகளின் எண்ணிக்கை. கீழிருந்து மேலாக டெசிபல், அதாவது சத்தத்தின் அளவு. எண்களுக்கு முன் மைனஸ் குறி இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். பூஜ்யம்தான் உச்சம். இது சத்தத்தின் உண்மையான அளவு அல்ல. ஒரு பதிவை மற்றொன்றோடு ஒப்பிட மட்டுமே பயன்படும்.

மேடு எங்கே இருக்கிறது?

எங்கள் காரில் 60 கி.மீ. வேகத்தில் 550 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பெரிய மேடு தெரிந்தது. கியரைக் குறைத்தபோதும் அது நகரவில்லை. எஞ்சின் வேகம் மாறியும் மேடு நகராததால், குற்றவாளி எஞ்சின் அல்ல. ஆனால் 40 கி.மீ. பதிவில் அதே மேடு 365 அருகே வந்துவிட்டது.

காரணம் எளிய கணக்கு. எங்கள் டயரின் சுற்றளவு 1.95 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்கு 16.7 மீட்டர் செல்கிறது. ஆகவே டயர் விநாடிக்கு சுமார் எட்டரை முறை சுற்றும். டயரின் ஓரத்தில் சுற்றிலும் 64 பட்டன்கள் இருந்தன. பெருக்கினால் சுமார் 550!

அலைன்மென்ட் கடையில் பின் டயர்களைக் கையால் தடவிப் பார்த்தார்கள். பட்டன்கள் ரம்பப் பல் போல ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. இரண்டு டயர்களை மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்து, கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றும் நிரப்பினோம். மீண்டும் அதே சாலையில் பதிவு செய்தபோது மேடு 6 டெசிபல் இறங்கியிருந்தது. ஒலி அழுத்தம் பாதியாகிவிட்டது என்று இதற்குப் பொருள். பாதி சத்தமாகக் காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். ஆனாலும் அம்மா பேசுவது இப்போது கேட்கிறது.

உங்கள் காரில்...

கியருக்கு ஏற்ப மேடு நகர்ந்தால் எஞ்சின் பக்கம் பாருங்கள். வேகத்திற்கு ஏற்ப நகர்ந்தால் டயர் அல்லது வீல் பேரிங். வளைவில் திரும்பும்போது உறுமல் கூடினால் அல்லது குறைந்தால் பேரிங்கை உடனே காட்டுங்கள், அது ஆபத்து. எந்த வேகத்திலும் 200 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் அசையாமல் நிற்கும் மேடு, பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் காற்றின் அதிர்வு. அதிக வேகத்தில் மட்டும் 'உஸ்' என்ற சத்தம் வந்தால் கதவு ரப்பர் பீடிங்கைச் சோதியுங்கள். ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்தால், அது எளிதாக வரக்கூடாது.

டாம்பிங் ஷீட் கெட்ட பொருள் அல்ல. கதவுத் தகடு அதிர்வதை அது குறைக்கும். ஆனால் கெட்ட டயரின் சத்தத்தை மூடி மறைத்தால், கார் நமக்குச் சொல்லும் எச்சரிக்கையையும் சேர்த்தே மறைத்துவிடுவோம். ஆகவே முதலில் பாருங்கள், பிறகு செலவு செய்யுங்கள். அந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.