எஸ்.எம்.எஸ்.ஸிலிருந்து ஆர்.சி.எஸ்.: எது மாறுகிறது, எது மாறவில்லை?

போன மாதம் ஒரு நாள் ராத்திரி அம்மா போன் பண்ணினார். "ஏம்ப்பா, இன்னைக்கு ஒன்பதரை மணிக்கு கரண்டை கட் பண்ணிடுவாங்களாமே? மெசேஜ் வந்திருக்கு. ஒரு நம்பருக்குக் கூப்பிடச் சொல்றான்." நல்ல வேளை, அந்த நம்பரைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். பத்து இலக்க சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்த மோசடிச் செய்தி அது. "அனுப்பினவன் பேரைப் பாரும்மா, நிஜமான மெசேஜுக்கு நம்பர் இருக்காது, எழுத்துதான் இருக்கும்" என்றேன். "எல்லாம் இங்கிலீஷ்ல அஞ்சாறு எழுத்து. அதுல எது பேங்க், எது கரண்ட் ஆபீஸ்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வேலையில் நான் கொஞ்ச நாளாகப் பார்ப்பதும் இதே விஷயம்தான். நிறுவனங்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களை ஆர்.சி.எஸ். என்ற புதிய தரத்துக்கு மாற்றுவது. அதனால் அம்மாவின் கேள்வியை வைத்தே இதை எழுதிப் பார்க்கிறேன்.

140 பைட் பெட்டி

முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3-ம் தேதி இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து. நெட்வொர்க்கும் போனும் தங்களுக்குள் "இங்கேதான் இருக்கேன், கால் வருது" என்று பேசிக்கொள்ளும் சிக்னல் பாதையில்தான் எஸ்.எம்.எஸ். பயணிக்கிறது. இன்டர்நெட் இல்லாமலே அது வந்து சேர்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் அந்தப் பாதையில் இடம் குறைவு. ஒரு செய்திக்கு 140 பைட்தான்.

ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து. தமிழுக்கு யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 2 பைட் வேண்டும், அதனால் 70. அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, நெட்வொர்க்குக்கு ஏழு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 160 எழுத்துள்ள ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு ₹ குறியைப் போட்டுப் பாருங்கள். அந்தக் குறி 7 பிட் பட்டியலில் இல்லை, அதனால் செய்தி முழுவதும் யூனிகோடுக்கு மாறிவிடும். நீளச் செய்தியை உடைக்கும்போது ஒரு துண்டுக்கு 67 எழுத்துதான் தேறும். ஆக, ஒரு செய்திக்கான காசு மூன்று செய்திக்கானதாகிவிடும். பில் வந்த பிறகுதான் பல பேருக்கு இது தெரிகிறது!

இட நெருக்கடி பெரிய குறை இல்லை. அனுப்புநர் யார் என்று போனில் சரிபார்க்க எஸ்.எம்.எஸ்.ஸில் வழியே கிடையாது என்பதுதான் பெரிய குறை. இந்தியாவில் ட்ராய் 2018 விதிமுறைகள் மூலம், அனுப்புநர் தலைப்பையும் செய்தி வார்ப்புருவையும் முன்கூட்டியே பதிவு செய்யச் சொன்னது. இது நல்ல வடிகட்டி. ஆனால் வடிகட்டல் நடப்பது நெட்வொர்க்குக்குள்ளே. அம்மாவின் திரையில் தெரிவது அதே ஆங்கில எழுத்துகள்தான்.

ஆர்.சி.எஸ். என்ன செய்கிறது?

இதற்கான வேலை 2007-லேயே தொடங்கியது. ஆளுக்கொரு மாதிரி செய்துகொண்டிருந்ததை ஒழுங்குபடுத்தி, 2016-ல்தான் பொதுவான தரம் வந்தது. ஆப்பிள் 2024 செப்டம்பரில், ஐ.ஓ.எஸ். 18-ல் சேர்த்துக்கொண்டது. ஆனால் நெட்வொர்க் நிறுவனமும் இயக்கினால்தான் ஐபோனில் அது வேலை செய்யும்.

இதில் நிறுவனத்தின் முழுப் பெயர், சின்னம், சரிபார்க்கப்பட்டதற்கான டிக் எல்லாம் செய்தியோடு வரும். படத்துடன் கூடிய அட்டைகள், பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் அட்டை வரிசை, கீழே பொத்தான்கள். 'வருகிறேன்', 'வேறு நாள் வேண்டும்', 'வழி காட்டு' என்று தொட்டாலே போதும், எதையும் டைப் செய்ய வேண்டாம். அம்மா மாதிரி ஆட்களுக்கு இது நிஜமாகவே பெரிய வசதி.

சிக்கல் இங்கேதான்

ஆர்.சி.எஸ். டேட்டாவில் ஓடுகிறது. டேட்டாவை அணைத்து வைத்தவர்கள், ரீசார்ஜ் தீர்ந்தவர்கள், பட்டன் போன் வைத்திருப்பவர்கள் யாருக்கும் போகாது. எனவே முதலில் அந்த எண்ணுக்கு ஆர்.சி.எஸ். இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்த தகவலுக்காகக் காத்திருக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் வரவில்லை என்றால் அதைத் திரும்பப் பெற்றுவிட்டு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும்.

நாங்கள் முதலில் செய்த தப்பு, திரும்பப் பெறும் படியை விட்டதுதான். மருத்துவச் சந்திப்பு நினைவூட்டல் அது. எஸ்.எம்.எஸ். பார்த்து, போன் பண்ணி நாளை மாற்றிக்கொண்டவர்களுக்கு, டேட்டாவைப் போட்டதும் பழைய தேதியோடு ஆர்.சி.எஸ். வந்து நின்றது. எந்தத் தேதி சரி என்று குழம்பினார்கள்.

இன்னொன்று, எஸ்.எம்.எஸ்.ஸுக்கு இறங்கும்போது பொத்தான்கள் காணாமல் போகும். நம் ஊரில் எழுத்துத் தலைப்பிலிருந்து வரும் செய்திக்குப் பதில் அனுப்பவும் முடியாது. ஆகவே எஸ்.எம்.எஸ்.ஸை முதலில் எழுதுங்கள். அது தனியாக நின்று வேலை செய்தால், அதன் மேல் அட்டையும் பொத்தானும் சேருங்கள். தலைகீழாகச் செய்தால் ஏழை பயனருக்குப் பாதி செய்திதான் கிடைக்கும்.

டிக் இருந்தால் நம்பலாமா?

அனுப்பியவர் யார் என்பதற்குத்தான் டிக் சாட்சி. அவர் நல்லவரா என்பதற்கு இல்லை. 2022-ல் இந்தியாவில் நிறுவனங்கள் விளம்பரமாக அனுப்பித் தள்ளியதில், கூகுளே இங்கே அந்தச் சேவையை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. அவை எல்லாம் சரிபார்க்கப்பட்ட அனுப்புநர்கள்தான். அதோடு, தனிநபர் அரட்டையில் உள்ள முனைக்கு முனை மறையாக்கம் நிறுவனச் செய்திகளுக்குக் கிடையாது. நடுவில் இருப்பவர்கள் படிக்க முடியும்.

முக்கியமாக, எஸ்.எம்.எஸ். இருக்கும்வரை மோசடிக்காரனுக்கும் பழைய வாசல் திறந்தே இருக்கும். நிறுவனங்கள் டிக் உள்ள செய்தியையும் டிக் இல்லாத செய்தியையும் மாறி மாறி அனுப்பினால், டிக் இல்லாததைச் சந்தேகப்பட மக்கள் எப்படிப் பழகுவார்கள்? தொழில்நுட்பம் மாறுவதை விட இந்தப் பழக்கம் மாறுவதுதான் கஷ்டம்.

அம்மாவிடம் இப்போது இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்: "டிக் இருந்தா யார் அனுப்பினாங்கன்னு தெரியும், அவ்வளவுதான். ஆனா எதுல வந்தாலும், உடனே கூப்பிடு, உடனே பணம் கட்டுன்னு அவசரப்படுத்தினா, அதுல இருக்கற நம்பருக்குக் கூப்பிடாதம்மா. கரண்ட் பில் அட்டைல இருக்கற நம்பருக்குக் கூப்பிடு."

அட்டையை எடுத்து பிரிட்ஜ் மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.