அறுபத்தெட்டாவது நாள்

கல்லூரியில் விதிகள் மாணவரைத் தேடி வந்துவிடுகின்றன. உதவிகளை மட்டும் மாணவர்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

செமஸ்டர் தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது அந்தப் பட்டியலை ஒட்டினார்கள். எங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டுக்குக் கம்பிவலைக் கதவும் பூட்டும் உண்டு. டைப் அடித்த இரண்டு தாள்கள் வலைக்குப் பின்னால் தொங்கின. வகுப்புவாரியாகப் பெயர்கள், பக்கத்தில் வந்த நாட்கள். என் பெயருக்கு நேரே 64. மூன்று பெயர் தள்ளி என் நண்பனுக்கு 66. வேண்டியது 68.

அந்த செமஸ்டரில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் பகலில் அம்மா, ராத்திரி நான். விடிய விடிய விழித்திருந்துவிட்டுக் கல்லூரிக்குப் போக முடியாத நாட்கள் அவை. நண்பனின் கதை வேறு. அவன் ஊருக்குக் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். அது கல்லூரி நிறுத்தத்துக்கு வரும்போது பல நாள் முதல் ஹவர் முடிந்திருக்கும். முதல் ஹவர் போனால் அரை நாள் ஆப்சென்ட். அவன் லீவு போட்ட நாளைவிடத் தாமதமாக வந்த நாளே அதிகம்.

பட்டியலின் அடியில் ஒரே ஒரு வரி: 'மேற்கண்டவர்கள் தேர்வு எழுதத் தகுதியற்றவர்கள்.' நண்பன் அதை இரண்டு தடவை படித்தான். "வர்றேன்டா" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தான். எனக்குக் கால் நகரவில்லை. பெல் அடித்துவிட்டு வந்த டிபார்ட்மென்ட் அட்டெண்டர், "என்ன தம்பி, லிஸ்ட்டுல இருக்கியா?" என்றார்.

"ஆமாண்ணே. அறுபத்தி நாலு."

"அறுபத்தஞ்சு பர்சன்ட்டுக்கு மேலதானே வருது? கண்டோனேஷன் கட்டலாமே. ஆஸ்பத்திரி சீட்டை வச்சு பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் எழுது. ஹெச்.ஓ.டி.கிட்ட கையெழுத்து வாங்கிட்டு ஆபீஸ்ல சலான் கேளு. நாளைக்குள்ள முடிச்சிரு."

கல்லூரியில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியும் 'கண்டோனேஷன்' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவும் ஓர் அட்டெண்டர் வாயால்.

தொண்ணூறில் இருபத்திரண்டு

கணக்கு எளிது. தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு செமஸ்டருக்குப் பொதுவாக 90 வேலை நாட்கள். 75 சதவீதம் என்றால் 67.5. அரை நாளைக் கூட்டி 68 என்று வைத்துக்கொள்ளலாம். மீதம் இருப்பது 22 நாட்கள். காய்ச்சல், குலதெய்வக் கோயில் திருவிழா, அக்கா கல்யாணம், அறுவடை, பஸ் வராத நாள் எல்லாம் அந்த 22-க்குள் அடங்க வேண்டும்.

75-க்குக் கீழே போனால் கதவு உடனே சாத்தப்படுவதில்லை. அண்ணா பல்கலைக்கழக விதிகளை எடுத்துக்கொண்டால், 65 முதல் 75 சதவீதம் வரை வந்தவர், நோய், விபத்து, விளையாட்டுப் போட்டி போன்ற தக்க காரணத்தைச் சான்றுடன் காட்டி, கல்லூரித் தலைவரின் ஒப்புதலோடு தேர்வு எழுதலாம். அட்டெண்டர் சொன்ன கண்டோனேஷன் இதுதான். 65-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகளிலும் இதே போன்ற படிகள் உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் எண்ணும் கட்டணமும் மாறும்.

ஆசிரியர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். விதியைத் தளர்த்தினால் வகுப்பே காலியாகிவிடும் என்று அவர்கள் அஞ்சுவதில் பொருள் இருக்கிறது. ஜவுளிக்கடையிலோ உணவு டெலிவரியிலோ வேலை பார்த்தபடி படிக்கும் பையனைக் கல்லூரியோடு கட்டி வைத்திருக்கும் கயிறு பல நேரம் இந்த 75 சதவீதம்தான். அது இல்லாவிட்டால் முதலாளி அவனை முழு நேரமும் வைத்துக்கொள்வார்.

விதி எல்லா இடத்திலும் கல்லாகவே கிடப்பதும் இல்லை. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாதவிடாயைக் கணக்கில் கொண்டு மாணவிகளுக்கு 2 சதவீத வருகைச் சலுகை தந்தது. சில நாட்களிலேயே கேரள அரசு அதைத் தன் உயர்கல்வித் துறையின் கீழுள்ள மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. அங்கே மாணவிகளுக்கு 75 என்பது 73 ஆனது.

ஐம்பத்து மூன்று எடுத்தும் ஃபெயில்

வருகைக்கு அடுத்து மாணவரைக் குழப்புவது மதிப்பெண் விதி. பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. மொத்தத்தில் 40 எடுத்தால் பாஸ் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள். எக்ஸ்டர்னலில் மட்டும் தனியாக 40 சதவீதம், அதாவது 75-க்கு 30 எடுத்தாக வேண்டும் என்ற இன்னொரு நிபந்தனை பலருக்கு ரிசல்ட் அன்றுதான் தெரியவரும். இன்டர்னலில் 24, எக்ஸ்டர்னலில் 29 எடுத்தவள் மொத்தம் 53 வாங்கியும் அரியர். இன்டர்னலில் 10, எக்ஸ்டர்னலில் 30 எடுத்த பக்கத்து பெஞ்சுக்காரன் 40 வாங்கி பாஸ். இதை முதல் செமஸ்டரின் முதல் வாரத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டப் பத்து நிமிடம் போதும்.

அரியர் தமிழ்நாட்டு இளைஞர்களின் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய சுமை என்பதை ஊரே பார்த்தது 2020-ல். கொரோனா காலத்தில், கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்கள் தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெறுவார்கள் என்று அந்த ஆகஸ்டில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நன்றி சொல்லி போஸ்டர்கள் முளைத்தன, மீம்கள் பறந்தன. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி சென்னை உயர் நீதிமன்றம் போனார். பல்கலைக்கழக மானியக் குழுவும் ஏ.ஐ.சி.டி.இ.யும் எதிர்த்தன. தேர்வே நடத்தாமல் தேர்ச்சி தருவதை ஏற்க முடியாது என்று 2021-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொண்டாடியவர்கள் மறுபடி புத்தகத்தைத் தேடினார்கள்.

அதே 2021-ல், சுமார் 20 ஆண்டுகளாக அரியரை முடிக்காமல் விட்டவர்களுக்கும் அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு ஒன்று தந்தது. இருபது வருடம் கழித்தும் ஒரு பேப்பருக்காகத் திரும்பி வர ஆள் இருக்கிறது என்றால், அந்தப் பேப்பர் நின்றுபோனபோது அவரைக் கூப்பிட்டுப் பேச ஆள் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆயிரம் ரூபாயும் ஓர் இனிஷியலும்

உதவிகள் குறைவு என்று சொல்லிவிட முடியாது. குடும்பத்தில் முதல் ஆளாகத் தொழிற்கல்விக்கு வருபவருக்கு 2010-லிருந்து முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான இத்திட்டம் பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியது. இவை தவிர ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கான கல்வி உதவித்தொகைகளும் உண்டு.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. இந்த உயரத்தில் முதல் பட்டதாரிச் சலுகைக்கும் கல்வி உதவித்தொகைகளுக்கும் இலவசப் பஸ் பாஸுக்கும் மதிய உணவில் தொடங்கிய பள்ளிக் காலத்துக்கும் பங்கு இருக்கிறது.

சிக்கல் ஆபீஸ் ஜன்னலில் ஆரம்பிக்கிறது. மாணவியின் மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. மூன்றும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும், ஜன்னலுக்குள் இருக்கும் கிளார்க்குக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வங்கிக் கணக்கு இருந்தால் போதாது, ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இணைந்திருந்தாலும், பணம் எப்போதோ திறந்து மறந்துபோன இன்னொரு கணக்குக்குப் போய் விழும். போனஃபைட் சான்றிதழ் வாங்க ஒரு நாள், இ-சேவை மையத்துக்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள்.

கவனித்தீர்களா? உதவித்தொகைக்காக அலைந்த அந்த மூன்று நாளும் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட். 22-ல் மூன்று போயிற்று.

சட்டத்தில் இருக்கிறது, சுவரில் இல்லை

மாணவர் பக்கம் நிற்கும் விதிகள் பலவும் இப்படித்தான், இருக்கின்றன, தெரிவதில்லை. திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது தேர்வு எழுதியவரின் உரிமை என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நகல் வாங்கி, ஆசிரியரிடம் காட்டி, நம்பிக்கை இருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் அவகாசம் என்பதால் ஊருக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் தேதி முடிந்துவிடும்.

சேர்ந்த கல்லூரி பிடிக்கவில்லை, வேறிடம் கிடைத்துவிட்டது என்றால், கட்டிய பணம் போனது போனதுதான் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையில், சேர்க்கையின் கடைசித் தேதியை வைத்து 100, 90, 80, 50 சதவீதம் எனத் திருப்பித் தரும் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

கண் பார்வையற்ற, கையால் எழுத முடியாத மாணவருக்கு உதவியாளர் வைத்து எழுதும் உரிமையும், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். ஆங்கிலவழி வகுப்பில் சேர்ந்திருந்தாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று மானியக் குழுத் தலைவர் 2023-ல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு வந்த ஒழுங்குமுறை, ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும், புகாருக்கு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும் என்கிறது. அதிலும் தீராவிட்டால் மேலே முறையிடப் பல்கலைக்கழக அளவில் ஒரு குறைதீர்ப்பாளர் உண்டு.

தகவல் சொல்ல வழியே இல்லை என்றும் கூற முடியாது. முப்பது பேருக்கோ இருபது பேருக்கோ ஓர் ஆசிரியர் என்று மென்ட்டர் முறை பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கிறது. ஆனால் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து நாளை ஓட்டும் துறைகளில், மென்ட்டர் நோட்டுப் புத்தகம் தரமதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தைய வாரம் அவசரமாக நிரப்பப்படுகிறது. அப்பா பெயர், செல் நம்பர், 'மாணவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது', கையெழுத்து. அந்தப் பக்கத்தில் 'எத்தனை பஸ் மாறி வருகிறார்?' என்ற கட்டம் இல்லை.

இன்னும் ஒரு வரி

இந்த நிலையை மாற்றப் புதுத் திட்டமோ புது நிதியோ தேவையில்லை. வருகைக் கணக்கைக் கடைசி வாரத்தில் ஒட்டாமல் மாதம் ஒருமுறை ஒட்டலாம். முதல் பட்டியலில் பெயர் வந்தவரை மென்ட்டர் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசலாம். உதவித்தொகைக்காக வங்கிக்குப் போன நாளுக்கு, விளையாட்டு வீரருக்குத் தருவதுபோல ஓ.டி. (ஆன் டியூட்டி) தரலாம். பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க ஒரு நாள் வங்கிக்காரரையும் இ-சேவைக்காரரையும் கல்லூரிக்கே வரவழைக்கலாம்.

இவை எதுவும் முடியாவிட்டாலும், தடை சொல்லும் தாளிலேயே வழியையும் சொல்லிவிடலாம். 'தகுதியற்றவர்கள்' என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி: '65 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்கள் சான்றுடன் அலுவலகத்தை அணுகினால் தேர்வு எழுத விண்ணப்பிக்கலாம்.'

அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்து நான் லெட்டர் எழுதினேன். சலான் கட்டினேன். மூன்றாம் நாள் ஹால் டிக்கெட் வந்தது. நண்பனுக்கும் சொல்ல வேண்டும் என்று அவன் ஊருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன். பூட்டிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவன் பாட்டி, திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய் நாலு நாள் ஆகிறது என்றார். "பரீட்சை எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாமே தம்பி" என்று என்னிடமே கேட்டார்.

அவன் கல்லூரிக்கு என்னைவிட இரண்டு நாள் அதிகமாக வந்தவன்.